காரைக்காலில் இல்லாத செப்டம்பர்

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர்களின் கைக்கு வந்தது. நடுவில் சில முறை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்த காலத்தைத் தள்ளிவிட்டால், 1954 நவம்பர் 1ஆம் தேதி வரை அது பிரெஞ்சு ஊர். தெருப் பெயர்கள், பழைய பத்திரங்கள், பாரிஸில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்று அந்தக் காலத்தின் மிச்சம் இன்னும் ஊரில் உண்டு. சாப்பாட்டோடு சிவப்பு ஒயின் குடிப்பது ஆள வந்தவர்களின் அன்றாட வழக்கம். ஆனால் அந்த ஒயின் கப்பலில்தான் வந்து இறங்கியது. அரசலாற்றங்கரையில் திராட்சை பயிரிட்டு ஒயின் பிழியும் தொழில் கடைசிவரை உருவாகவே இல்லை.

ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. வண்டல் மண் இருக்கிறது, காவிரித் தண்ணீர் வருகிறது, வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தென்மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகத் திராட்சை தொங்குகிறது. அங்கே கொடி ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை காய்க்கிறது. பிரான்சின் பர்கண்டியில் ஒரே ஒரு முறைதான் காய்க்கிறது, அதுவும் ஆறேழு மாதம் காத்திருந்தால். அதிகம் காய்க்கும் நாட்டை விட்டுவிட்டு, பனியில் நடுங்கும் நாட்டுப் பழத்தையா உலகம் கொண்டாட வேண்டும்?

பர்கண்டியின் புகழ்பெற்ற சிவப்பு ஒயின் பினோ நுவார் என்ற ஒரே ரகத்தில் ஆனது. மெல்லிய தோல், சிறிய கொத்து, நிறமும் அதிகம் இல்லை. குளிர் நாட்டுச் சிவப்பு ஒயின் என்றால் உலகம் முதலில் நினைப்பது இதைத்தான். இந்த அத்தியாயத்தில் நாம் பார்க்கப்போவது குடியை அல்ல, ஒரு பழம் பழுக்கும் விதத்தை. காரைக்காலில் சூடு நிறைய இருக்கிறது. சூடு இறங்கிக்கொண்டே போகும் ஒரு கடைசி மாதம்தான் இங்கே இல்லை. குளிர் நாட்டு ஒயினின் ரகசியம் முழுவதும் அந்த ஒரு மாதத்தில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கொடி நாள்களை எண்ணுவதில்லை

பயிர் எத்தனை நாளில் விளையும் என்று டெல்டா விவசாயியிடம் கேட்டால், என்ன ரகம் என்று திருப்பிக் கேட்பார். ஆடுதுறை 43 என்றால் 110 நாள். சி.ஆர். 1009 என்றால் 155 முதல் 160 நாள். ஆனால் பனிக்காலத்தில் அகப்பட்டுக்கொண்ட பயிர் சில நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் என்பதும் அவருக்குத் தெரியும். செடிக்குக் காலண்டர் தெரியாது. தன் மேல் விழுந்த சூட்டைத்தான் அது கணக்கில் வைத்துக்கொள்கிறது.

இதை முதலில் எண்களாக எழுதிப் பார்த்தவர் ரெயோமுர் என்ற பிரெஞ்சு அறிஞர். ஆண்டு 1735, காரைக்கால் கைமாறுவதற்கு நான்கே ஆண்டுகள் முன்னால். ஒவ்வொரு நாளின் வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட கூட்டுத்தொகை வரும்போது பயிர் பக்குவமாகிறது என்பது அவருடைய கருத்து. 1944இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அமெரினும் வின்க்ளரும் இந்த எண்ணத்தைத் திராட்சைக்குப் பொருத்தி, மாநிலத்தின் திராட்சை நிலங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார்கள்.

இதற்கு வெப்பக் கணக்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே திராட்சைக் கொடி கிட்டத்தட்ட வளர்வதில்லை. ஆகவே ஒரு நாளின் சராசரி வெப்பநிலையில் 10ஐக் கழித்தால் மிஞ்சுவது அன்றைய வரவு. சராசரி 16 என்றால் வரவு 6. சராசரி 9 என்றால் வரவு எதுவும் இல்லை, கடனும் இல்லை. தினமும் உண்டியலில் காசு போடுவதுபோல் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை இதைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். மொத்தம் 1,390ஐத் தொடாவிட்டால் அது முதல் வகுப்பு, குளிர்ந்த நிலம். 2,222ஐத் தாண்டினால் ஐந்தாம் வகுப்பு, மிகச் சூடான நிலம்.

இரண்டு ஊர்களின் உண்டியல்

பர்கண்டியின் பழைய தலைநகரான டிஜோனை எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் அங்கே சராசரி வெப்பநிலை பத்தரை டிகிரிக்குப் பக்கம். தினமும் அரைக் காசுதான் விழுகிறது. மாதம் முழுவதும் சேர்த்தால் 15. மே மாதம் சராசரி 14½க்கு வருகிறது, மாத வரவு 140. ஜூன் 18 டிகிரி, வரவு 240. உச்சமான ஜூலையில் 20½ டிகிரி, வரவு 325. ஆகஸ்டிலும் ஏறக்குறைய அதே அளவு. செப்டம்பரில் 16 டிகிரிக்கு இறங்கி 180. அக்டோபரில் ஐம்பதோ அறுபதோ. எல்லாம் சேர்ந்து 1,300க்குள் முடிந்துவிடுகிறது.

இப்போது காரைக்கால். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சராசரி 30 டிகிரியை ஒட்டி நிற்கும். தினமும் 20 வீதம் 214 நாளைக்கு 4,280. ஐந்தாம் வகுப்பின் தொடக்க எல்லைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது ஜனவரிக் கணக்கு. காரைக்காலில் மார்கழியின் பின்பாதியும் தை மாதமும்தான் ஆண்டிலேயே குளிர்ந்த நாள்கள். அப்போதும் சராசரி 25 டிகிரி இருக்கிறது. தினமும் 15 வீதம் மாதத்துக்கு 465. பர்கண்டி தன் உச்சக் கோடையான ஜூலையில் சம்பாதிப்பது 325தான். நாம் போர்வையைத் தேடும் மாதத்தில் காரைக்கால் சேர்க்கும் சூடு, பர்கண்டிக்காரர் சட்டையைக் கழற்றும் மாதத்துச் சூட்டைவிட அதிகம்.

பர்கண்டி ஏழு மாதத்தில் சேர்க்கும் 1,300ஐக் காரைக்கால் எத்தனை நாளில் சேர்த்துவிடும்? ஜூன் வரவான 21 வீதம் பார்த்தால் 62 நாள். ஜனவரி வரவான 15 வீதம் பார்த்தாலும் 87 நாள் போதும். கணக்கின்படி காரைக்காலில் இரண்டே மாதத்தில் பினோ நுவார் பழுத்து நிற்க வேண்டும்.

அப்படி நடக்காது. கம்பத்தில் கொடியைக் கவாத்து செய்த நாளிலிருந்து அறுவடை வரை ஏறக்குறைய 120 நாள் ஆகிறது. அங்கே சராசரி வெப்பநிலையை 26 என்று வைத்துக்கொண்டால் வரவு 1,920. பர்கண்டிக் கொடிக்கு 1,300 போதுமென்றால் இதற்கு ஏன் இவ்வளவு? ரகம் வேறு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், செடியின் வேகத்துக்கு ஓர் எல்லை இருப்பது. ஓரளவுக்கு மேல் வரும் சூடு உண்டியலில் விழுந்தாலும் கொடியால் அதைச் செலவு செய்ய முடிவதில்லை. 35 டிகிரியைத் தாண்டினால் இலை சர்க்கரை தயாரிக்கும் வேகமும் சரியத் தொடங்குகிறது. குளிர் நாட்டில் மிக நன்றாகப் பேசும் வெப்பக் கணக்கு, நம் ஊருக்கு வந்ததும் பாதியில் வாயடைத்துப்போகிறது. மீதியை அறியப் பழத்துக்கு உள்ளேதான் போய்ப் பார்க்க வேண்டும்.

பழத்துக்குள் நடப்பது

பர்கண்டியில் ஏப்ரல் நடுவில் மொட்டு வெடித்துத் துளிர் வரும். ஜூனில் பூக்கும். பூத்து ஏறக்குறைய 100 நாளில் அறுவடை என்பது அங்குள்ள தோட்டக்காரர்களின் கணக்கு. முதல் பாதியில் காய் பச்சையாக, கல்லாக, வாயில் வைக்க முடியாத புளிப்போடு இருக்கும். ஆகஸ்டில் ஒரு நாள் கொத்தில் ஒரு காய் மட்டும் சிவக்கும். ஒரு வாரம், பத்து நாளில் கொத்து முழுவதும் கருத்துவிடும். இதை நிறமேறும் பருவம் என்போம். அதிலிருந்து அறுவடை வரை ஆறு வாரம். ஒயினின் தலையெழுத்து இந்த ஆறு வாரத்தில் முடிவாகிறது.

அந்த ஆறு வாரத்தில் சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது, தோலில் நிறமும் வாசனையும் சேர்கின்றன.

சர்க்கரை இலையில் தயாராகிப் பழத்துக்கு வருகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும். 13 சதவீத ஒயினுக்கு லிட்டருக்கு 220 கிராம் வேண்டும். இதில் பர்கண்டிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 47 டிகிரி வடக்கே இருப்பதால் ஜூனில் அங்கே பகல் 16 மணி நேரத்தை நெருங்குகிறது. காரைக்காலின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. குளிர் நாடு என்றால் வெயில் குறைந்த நாடு என்று நாம் நினைத்துவிடுகிறோம். வளரும் பருவத்தில் அங்கே சூடு குறைவு, வெளிச்சம் நிறைய.

புளிப்புக்குத் திராட்சையில் இரண்டு அமிலங்கள் இருக்கின்றன. ஒன்று டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியின் புளிப்பும் பெரும்பாலும் இதனால் வருவதுதான். இவ்வளவு டார்டாரிக் அமிலம் பழங்களில் மிக அரிது. திராட்சையும் புளியும் அந்தச் சிறு கூட்டத்தைச் சேர்ந்தவை. இது உறுதியானது; சூட்டுக்கு எளிதில் அசைவதில்லை. மற்றொன்று ஆப்பிளிலும் இருக்கும் மாலிக் அமிலம். நிறமேறிய பிறகு, பழம் தன் சுவாசத்துக்கு எரிபொருளாக இதைத்தான் எடுத்து எரிக்கத் தொடங்குகிறது. சுவாசம் இரவிலும் நிற்பதில்லை. பொதுவாகச் செடிகளில் 10 டிகிரி சூடு கூடினால் சுவாசம் ஏறக்குறைய இரட்டிக்கும். செப்டம்பர் இரவில் பர்கண்டி 10, 11 டிகிரிக்கு இறங்கும். அதே செப்டம்பரில் காரைக்கால் இரவு 25 டிகிரியில் நிற்கும். 15 டிகிரி வித்தியாசம் என்றால், மாலிக் அமிலம் எரியும் வேகம் ஏறக்குறைய மூன்று மடங்கு. பகலில் கடற்காற்று வந்து காரைக்காலைக் காப்பாற்றுகிறது. இரவில் அதே கடல், ஊரைக் குளிர விடாமல் பிடித்துவைக்கிறது.

நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. கருப்புக் கவுனி அரிசியின் கருமையும் இதே குடும்பத்து நிறமியால் வருவதுதான். 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கபர்னே சொவிஞ்ஞான் கொடிகளில் சிலவற்றை 25 டிகிரியிலும் சிலவற்றை 35 டிகிரியிலும் பழுக்க விட்டுப் பார்த்தார்கள். சூட்டில் பழுத்தவற்றில் நிறமி பாதிக்கும் கீழே போய்விட்டது. புதிதாக நிறமி உண்டாவது குறைந்ததோடு, ஏற்கெனவே உண்டானதும் சிதைந்திருந்தது. இயல்பாகவே நிறம் குறைந்த பினோ நுவாருக்கு இது தாங்க முடியாத இழப்பு.

இனி மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். சூடான ஊரில் சர்க்கரை முந்திக்கொள்கிறது. அது தயாராகும் நாளில் நிறமும் வாசனையும் இன்னும் வந்து சேரவில்லை. அவற்றுக்காகக் காத்திருந்தால் புளிப்பு காலியாகிவிடுகிறது, சர்க்கரை மிதமிஞ்சிப்போகிறது. ஆல்கஹால் தூக்கலாக, சுவை சப்பென்று, வெளிறிய ஒயின்தான் கிடைக்கும். குளிர்ந்த ஊரில் செப்டம்பர் இறங்க இறங்க எல்லாமே மெதுவாகின்றன. புளிப்பு எரிவது மற்ற எல்லாவற்றையும்விட மெதுவாகிறது. அதனால் மூன்றும் பக்குவமாக இருக்கும் சில நாள்கள் தோட்டக்காரருக்குக் கிடைக்கின்றன. நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு என்று ஒயின்காரர்கள் பேசுவதெல்லாம் அந்தச் சில நாள்கள் கிடைத்தனவா, மழையில் போயினவா என்பதைப் பற்றித்தான்.

மிளகு வாசனை

குளிர் நாட்டுச் சிவப்பு ஒயின்களில் இன்னொரு ரகம், சிரா. பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கின் வடபகுதியிலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் குளிர்ந்த தோட்டங்களிலும் விளையும் சிராவில் கருமிளகின் வாசனை தெளிவாக வரும். சூடான இடத்தில் விளைந்த சிராவில் அது மங்கிவிடும். ஒயின் சுவைப்போர் இதை நீண்ட காலமாகச் சொல்லிவந்தார்கள். கற்பனை என்று ஒதுக்கியவர்களும் உண்டு.

2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் அந்த வாசனையின் மூலக்கூறைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ரோட்டண்டோன். மிளகில் வாசனை தருவதும் அதே ரோட்டண்டோன்தான். ஒன்றைப் போல் மற்றொன்று என்றில்லை, அணுவுக்கு அணு அதே பொருள். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றுதான் ஒரு நானோகிராம். ஆனாலும் ஐந்தில் ஒருவருக்கு மிகச் செறிவாகக் கொடுத்தாலும் இந்த வாசனை பிடிபடுவதில்லை.

இதில் எனக்குத் தீராத ஆச்சரியம் ஒன்று உண்டு. மிளகுக் கொடி வெப்பமும் ஈரமும் கேட்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடி. அது வெக்கையில் தயாரிக்கும் பொருளைத் திராட்சைக் கொடி குளிரில் தயாரிக்கிறது. விக்டோரியா தோட்டங்களில் அளந்து பார்த்தபோது, பழுக்கும் காலத்தில் கொத்தின் வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல் இருந்த நேரம் கூடக் கூட, ரோட்டண்டோன் குறைந்தது. ஒரே தோட்டத்தில் நிழல் விழும் சரிவுப் பழத்தில் அதிகமாகவும், வெயில் படும் சரிவில் குறைவாகவும் இருந்தது. காரைக்காலில் கோடை முழுவதும் விடியற்காலைகூடப் பெரும்பாலும் 25 டிகிரிக்குக் கீழே போவதில்லை. மிளகை உலகுக்கு அனுப்பிய தென்னிந்தியாவின் இந்தக் கடற்கரையில் மிளகு மணக்கும் திராட்சை விளைய வழியில்லை.

கவாத்து என்னும் குளிர்காலம்

அப்படியானால் கம்பத்தில் எப்படி விளைகிறது? அங்கே விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. உலகம் மஸ்கட் ஹம்பர்க் என்று அழைக்கும் ரகம். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் வீடுகளுக்கு வரும் விதையுள்ள கருநீலத் திராட்சை இதுதான். தின்பதற்கும் சாற்றுக்கும் உரிய பழம். அதற்கு நல்ல வாசனையும் இனிப்பும் போதும். இருபது ஆண்டு புட்டியில் தாங்கும் புளிப்பும் நிறமும் தேவையில்லை.

குளிர் நாட்டில் நவம்பரில் கொடி இலையை உதிர்த்து உறங்கப் போகிறது. குளிரை வேண்டிய அளவு உணர்ந்த பிறகே மொட்டுகள் விழிக்கத் தயாராகின்றன. இதை உறக்கநிலை என்போம். எல்லா மொட்டும் ஒரே நேரத்தில் விழிப்பதால், எல்லாக் கொத்தும் ஒரே நேரத்தில் பழுக்கின்றன. வெப்ப நாட்டில் கொடி உறங்குவதே இல்லை. நுனி மட்டும் ஓயாமல் நீண்டுகொண்டே போகும். கீழ் மொட்டுகள் சும்மா கிடக்கும். பக்கத்துப் பக்கத்தில் பூவும் பிஞ்சும் பழமுமாக ஒழுங்கற்றுக் காய்க்கும்.

கம்பத்து விவசாயி கத்தரியால் ஒரு குளிர்காலத்தை உண்டாக்குகிறார். கவாத்து செய்து, இலையை உருவி, கொடியை மொட்டையாக்குகிறார். மொட்டுகள் சேர்ந்து விழிப்பதற்கு ஹைட்ரஜன் சயனமைடு கரைசலைத் தடவுவதும் இந்தியத் திராட்சைத் தோட்டங்களில் வழக்கம். ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் கவாத்து நடக்கும். அதனால்தான் கம்பத்துத் திராட்சை ஆண்டு முழுவதும் சந்தைக்கு வருகிறது. இது பெரிய கைத்திறன். பருவம் இல்லாத இடத்தில் பருவத்தை உண்டாக்கும் இந்த வேலையைப் பர்கண்டிக்காரர் செய்ய வேண்டியதே இல்லை.

பருவத்தை நகர்த்தினால்?

நாசிக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரம். அங்கே ஏப்ரலில் ஒரு கவாத்து, கொடிக்கு அடித்தளம் போட. தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது கவாத்து, காய்ப்புக்கு. ஆக, கவாத்து இரண்டு, அறுவடை ஒன்று. பர்கண்டிக் கொடியெல்லாம் உறங்கும் டிசம்பர், ஜனவரியில் நாசிக் கொடி காய் பிடித்திருக்கும். இரவு 10 டிகிரி வரை இறங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. கோடையில் பழுக்க வேண்டிய பழத்தைக் குளிர்காலத்துக்கு நகர்த்திவிட்டார்கள். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்திலும் இதே உத்தியில் சிராவை வறண்ட குளிர்காலத்தில் பழுக்க வைக்கிறார்கள்.

காரைக்காலில் இதைச் செய்ய முடியுமா? இங்கே மழை வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. புயல்களும் அப்போதுதான்: 2008 நவம்பரில் நிஷா காரைக்காலுக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்தது, 2018 நவம்பரில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே. அக்டோபரில் கவாத்து செய்தால் இளந்துளிரும் பூவும் இந்த மழையில் மாட்டும். இலைக்கு அடியில் வெண்பூஞ்சணம் படரும் அடிச்சாம்பல் நோய்க்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது.

அந்த நோய்க்கான மருந்து மட்டும் பிரான்சிலிருந்து நமக்கு வந்து சேர்ந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை 1885இல் மில்லார்டே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அறிவித்தது போர்டோ பகுதித் திராட்சைக் கொடிகளைக் காப்பதற்காக. இன்று அது தமிழ்நாட்டில் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் பாக்கு மரத்துக்கும் தெளிக்கப்படுகிறது.

மழை ஓய்ந்து, டிசம்பர் கடைசியில் கவாத்து செய்தால்? 120 நாள் கழித்து ஏப்ரல் கடைசி. நிறமேறும் பருவம் மார்ச்சில் வரும். பழம் பழுக்கும் ஆறு வாரமும் வெப்பம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும். பர்கண்டியின் ஆறு வாரம் இறங்குமுகம், காரைக்காலின் ஆறு வாரம் ஏறுமுகம். சராசரி எண்ணைவிட இந்தத் திசை முக்கியமானது. நாசிக்கிலும் மார்ச்சில் வெப்பம் ஏறத்தான் செய்கிறது. ஆனால் அது கீழேயிருந்து ஏறத் தொடங்குவதால், சூடு உச்சிக்குப் போவதற்குள் பழத்தைப் பறித்துவிட முடிகிறது. காரைக்காலில் கணக்கு தொடங்குவதே 25 டிகிரியில்.

மாங்கனித் திருவிழா கொண்டாடும் ஊருக்கு இது குறையே இல்லை. ஏறுவெயிலில் பழுப்பதற்கென்றே அமைந்த பழம் மாம்பழம்.

கொடைக்கானலுக்குப் போகலாமே

குளிர்தான் வேண்டுமென்றால் மலைக்குப் போகலாமே என்று தோன்றும். 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் கொடைக்கானலின் ஆண்டுச் சராசரி 14, 15 டிகிரி. பர்கண்டியின் செப்டம்பருக்கு மிகப் பக்கம். ஆனால் அங்கே எல்லா மாதமும் அதே செப்டம்பர்தான். மிகச் சூடான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் நான்கைந்து டிகிரி வித்தியாசம். டிஜோனில் அது 18 டிகிரிக்கு மேல். கொடைக்கானலில் கொடியை எழுப்பும் அளவு குளிர்காலக் குளிரும் இல்லை, காயைப் பெருக்கும் அளவு கோடைச் சூடும் இல்லை. அதோடு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீட்டர் மழை. இரண்டு பருவமழையும் தொடும் மலை அது. கொத்து அழுகிவிடும். பேரிக்காயும் பிளம்ஸும் விளையும் மலையில் ஒயின் திராட்சை தொழிலாக வளராததற்கு இவை போதுமான காரணங்கள்.

போன் நகரத்து ஏடுகள்

பர்கண்டியில் போன் என்று ஒரு சிறு நகரம் உண்டு. அங்கே ஒவ்வோர் ஆண்டும் எந்தத் தேதியில் திராட்சை அறுவடை தொடங்கியது என்பதற்கு 1354 முதல் சான்று இருக்கிறது. நகரமன்றக் குறிப்புகள், தேவாலயக் கணக்குகள், கூலிப் பட்டுவாடா ஏடுகள், செய்தித்தாள்கள் என்று தேடித் தொகுத்து, தோமா லாபே என்ற வரலாற்றாளரும் அவருடைய குழுவினரும் 2019இல் 664 ஆண்டுப் பட்டியலை வெளியிட்டார்கள். கொடி சூட்டைத்தான் எண்ணுகிறது என்பதால், இந்தத் தேதிகள் ஒவ்வொன்றும் அந்த ஆண்டுக் கோடையின் வெப்பநிலைப் பதிவு. வெப்பமானி பிறப்பதற்கு முன்பே கொடி அளந்து வைத்த பதிவு.

1354 முதல் 1987 வரை சராசரி அறுவடை நாள் செப்டம்பர் 28. 1988க்குப் பிறகு அது 13 நாள் முந்திவிட்டது. 2003 கோடையில் அறுவடை ஆகஸ்டிலேயே தொடங்கியது. அறுவடை முந்துவதால் மட்டும் கெடுதல் இல்லை. நிறமேறும் பருவமும் முந்துகிறது. பழம் பழுக்கும் ஆறு வாரம் குளிர்ந்த செப்டம்பரிலிருந்து நழுவி வெக்கையான ஆகஸ்டுக்குள் போகிறது. சர்க்கரை முந்துவது, புளிப்பு இரவில் எரிவது, நிறம் பின்தங்குவது ஆகியவை இப்போது பர்கண்டித் தோட்டக்காரர்களின் அன்றாடக் கவலை. சிலர் விடியுமுன்பே பறிக்கிறார்கள். சிலர் வடக்கு நோக்கிய சரிவுகளைத் தேடுகிறார்கள்.

இரவுச் சூடு நம் பயிரையும் விடவில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில், பயிர்ப் பருவத்து இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் நெல் விளைச்சல் ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது என்று 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. பகல் வெப்பநிலைக்கு அப்படித் தெளிவான விளைவு தெரியவில்லை. பகலில் சேர்த்ததை இரவுச் சுவாசத்தில் பயிர் எரித்துவிடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். மாலிக் அமிலம் எரிவதும் இதே சுவாசத்தில்தான். பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் வேறொரு இழப்பும் உண்டு: மகரந்தம் கெட்டு, கதிர் பதராகிறது. காவிரியின் கடைமடையான காரைக்காலில் குறுவை பூக்கும் மாதங்களில் இந்த எல்லை தூரத்தில் இல்லை.

நெல் பூ பெரும்பாலும் காலை 10 மணியிலிருந்து 12 மணிக்குள் மலர்கிறது. அதைச் சில மணி நேரம் முந்த வைத்தால், வெயில் ஏறுவதற்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல்லுக்கு இந்தப் பழக்கம் இயல்பாகவே இருக்கிறது. அதன் விடியற்காலைப் பூப்பைச் சாகுபடி ரகங்களுக்குள் கொண்டுவரும் இனக்கலப்பு வேலை நெல் ஆராய்ச்சி வயல்களில் நடந்துவருகிறது.